பட்டி பார்த்தால் ஓதம் போய்விடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில், வீட்டை விற்கும் முன் அதை எப்படித் தயார் செய்வது என்று வந்த கட்டுரையைப் படித்தேன். வரவேற்பறைக்கு மஞ்சள் வெளிச்சம், சோபாவுக்குப் புது உறை, ஆட்கள் வரும் நேரத்தில் வீட்டில் காபி மணம். எல்லாம் சரிதான். சுவரில் கறை இருந்தால் பெயின்ட் அடித்துவிடச் சொல்லி ஒரு வரியும் இருந்தது. அந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது. திருச்சி கே.கே. நகரில் இருந்த எங்கள் வீட்டைப் போன பங்குனியில் விற்றுவிட்டு, இப்போது கோவையில் மகளோடு இருக்கிறேன்.

1989இல் நானும் என் வீட்டுக்காரரும் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தபோது கடன் வாங்கிக் கட்டிய வீடு அது. கிழக்குப் பார்த்த வாசல், மொசைக் தரை, பின்பக்கம் ஒரு நெல்லி மரம். 2021இல் அவர் போய்விட்டார். அதன் பிறகு மூன்று வருடம் தனியாகத் தள்ளிப் பார்த்தேன், முடியவில்லை. ஆனி மாதம் ஒரு புரோக்கரை வரச் சொன்னேன். வந்தவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூன்று விஷயம் சொன்னார். ஈசானிய மூலையில் குவித்து வைத்திருந்த பழைய சாமானை அப்புறப்படுத்த வேண்டும். கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் படத்தை எடுத்துவிட வேண்டும், வருகிறவர்களுக்கு ஒரு மாதிரி இருக்குமாம். மூன்றாவது, சாப்பாட்டு அறைச் சுவர்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. தரையிலிருந்து முட்டி உயரத்துக்கு ஓதம் ஏறியிருந்தது. பெயின்ட் அப்பளம் மாதிரி பொரிந்து நிற்கும், விரலை வைத்தால் மாவாக உதிரும், பெருக்கிய மறுநாளே தரையில் வெள்ளையாக உப்பு கிடக்கும். "சுரண்டிட்டு ரெண்டு கோட் பட்டி பார்த்து எமல்ஷன் அடிச்சிருங்கம்மா. அவங்க குடி வர்றதுக்குள்ள நமக்குப் பணம் வந்துரும்" என்றார். கேட்டபோதே உறுத்தியது. ஆனாலும் செய்தேன். வீடு முழுக்க வெள்ளையடித்ததோடு சேர்த்து 85,000 ரூபாய் ஆனது. அந்தச் சுவர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

ஆடியில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆவணி பிறந்ததும் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சோபா உறையை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. சமையலறை சிங்குக்கு அடியில் இருக்கும் கதவைத் திறந்து குனிந்து பார்த்தார்கள். குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து, "உப்பா?" என்று கேட்டுவிட்டு வாயில் விட்டுப் பார்த்தார்கள். கழிவறையில் தண்ணீர் இழுத்துவிட்டு, தொட்டி மறுபடி நிரம்பும்வரை நின்றார் ஒருவர். இன்னொருவர் செல்போனில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு செப்டிக் டேங்க் எந்த மூலை என்று தேடினார். நடுத்தர வயதுத் தம்பதி ஒன்று வீட்டுக்குள் பத்து நிமிடம்தான் இருந்தது. பிறகு தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் போய் அரைமணி நேரம் பேசியது. மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்குமா, பக்கத்து வீட்டுக்காரர் எப்படி என்றெல்லாம் விசாரித்தார்களாம். அவரே மறுநாள் என்னிடம் சொன்னார்.

நான் செய்ததில் காசுக்குப் பழுதில்லாமல் போனது மொசைக் தரைக்குப் போட்ட பாலீஷ் ஒன்றுதான். ஒரே நாள் மெஷின் ஓட்டினார்கள். 35 வருடத்துத் தரை என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. டைல்ஸ் போடச் சொன்ன பேச்சைக் கேட்காதது நல்லதாகப் போயிற்று.

புரட்டாசி கடைசியில் ஒருவர் முன்பணம் கொடுத்தார். ஐப்பசியில், மர பீரோ செய்ய அளவு எடுக்க வேண்டும் என்று டேப்போடு வந்தார். நான் காபி கலக்கிக்கொண்டு வருவதற்குள் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தரையிலிருந்து ஒரு சாண் மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். கட்டை விரலால் அழுத்தினார். பட்டி, டீயில் நனைத்த பிஸ்கட் மாதிரி பொலபொலவென்று விழுந்தது. "இது எத்தனை நாளா இருக்கு?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. நாலு வருஷமா என்றேன். மறுவாரம் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார்.

அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று விலைக்கு மேல் 9 சதவீதத்தை எண்ணி வைக்கிறவர், குடிவந்த மறுமாதமே சுவரை இடிக்க வேண்டும் என்றால் வயிறு எரியாதா?

அப்புறம் செய்ததை முதலிலேயே செய்திருக்கலாம். பிளம்பர் வந்து குளியலறைப் பக்கம் நான்கு டைல்ஸைப் பெயர்த்தார். உள்ளே 1989இல் போட்ட ஜி.ஐ. என்கிற இரும்புக் குழாய் துருப்பிடித்து, ஊசிமுனை அளவு ஓட்டை. அதிலிருந்து நாள் முழுக்கச் சுவருக்குள் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு சி.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் குழாய் போட்டார். இந்தப் பக்கம் கொத்தனார் நாலடி உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி, செங்கல் தெரியும்படி விட்டுவிட்டார். "காயட்டும்மா, அவசரப்பட்டா திரும்பவும் இதே கதைதான்" என்றார். கார்த்திகை முழுக்கச் செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். மார்கழியில்தான் பூசினார்கள். மொத்தம் 41,000 ரூபாய். மகள் சொன்னாளே என்று ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்தேன்.

அந்த இடைவெளியில்தான் காகிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். பட்டா இன்னும் என் வீட்டுக்காரர் பெயரில். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன், பட்டாவை மாற்றினேன், வில்லங்கச் சான்றிதழை எடுத்தேன், மூலப் பத்திரத்தோடும் வீட்டு வரி ரசீதுகளோடும் ஒரே ஃபைலில் போட்டேன். இதெல்லாம் இல்லாவிட்டால் வாங்குகிறவருக்கு எந்த வங்கியும் கடன் தராது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாதது எனக்கு ஆச்சரியம்தான்.

தையில் வந்த குடும்பத்திடம் நானே முதலில் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போய், இங்கே ஓதம் இருந்தது, இப்படிச் சரி செய்தோம் என்று படங்களைக் காட்டினேன். பார்த்தார்கள், தலையாட்டினார்கள். அப்புறம் அதே சுவரைக் காட்டி 25,000 குறைக்கச் சொன்னார்கள். குறைத்தேன். வியாபாரம் என்றால் அப்படித்தான்.

அவர்களோடு வந்த பாட்டியம்மா கூடத்தில் நின்று சுவரைப் பார்த்தார். ஆணி அப்படியே இருந்தது. புதுப் பெயின்ட் அடிக்கும்போது படத்தைக் கழற்ற மனசில்லாமல் சுற்றி அடிக்கச் சொல்லியிருந்தேன். பிறகு படத்தை எடுத்தபோது அதன் அளவுக்குப் பழைய பச்சை நிறம் சதுரமாகத் தெரிந்தது. "வீட்டுக்காரர் படமா? எங்கம்மா?" என்றார். பீரோவுக்குள் இருக்கிறது என்றேன். "பீரோவுக்குள்ள ஏன் வச்சே, பூச்சி அரிச்சிரும்" என்று சொல்லிவிட்டு மாடிப்படியைப் பார்க்கப் போய்விட்டார். அன்று சாயந்திரமே எடுத்து மாட்டினேன். சாவி கொடுக்கும் நாள்வரை அது அங்கேதான் இருந்தது.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது, உள் அலங்காரம் செய்கிறவரோடு ஒரு பிளம்பரிடமும் ஒரு கொத்தனாரிடமும் இரண்டு வார்த்தை கேட்டுப் போடுங்கள். அந்தக் காபி மணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வந்தவர்களுக்கெல்லாம் நான் டிகாஷன் இறக்கி நல்ல காபியே போட்டுக் கொடுத்தேன். காபி குடித்த ஒருவரும் வீட்டை வாங்கவில்லை. வாங்கியவர்கள் மோர் போதும் என்றார்கள்.

– ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை ஊழியை,
கோவை (முன்பு திருச்சி)