இரண்டாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பான பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும் வணக்கம்.

இரண்டாம் தவணை நல்லபடியாக நிறைவடைகிறது. தமிழ்த்தினப் போட்டிகளில் எங்கள் பிள்ளைகள் பரிசு பெற்றார்கள், கரப்பந்தாட்ட அணியும் திறமையாக விளையாடியது. புலமைப்பரிசில் வகுப்புகளைத் தடையின்றி நடத்திய ஆசிரியர்களுக்கு நன்றி. முன்னேற்ற அறிக்கைகளை வகுப்பாசிரியரிடம் பெற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைகளும் எங்களோடு படிக்கிறார்கள். வகுப்பறையில் ஒரு சிக்கலும் இல்லை. இடைவேளையில் யார் பக்கத்தில் இருந்து சாப்பிடுவது, கிரிக்கெட்டில் யார் ஸ்கோர் எழுதுவது என்பதையெல்லாம் பிள்ளைகளே பேசித் தீர்த்துக்கொண்டார்கள். தடுமாற்றம் பாடசாலை விடும் நேரத்தில், கேற்றடியில், பெரியவர்களிடம்தான் தெரிகிறது.

"ஐயோ பாவம், பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று தாயிடம் கேட்கிறார்கள். பிள்ளை அங்கேதான் இருக்கிறது, எல்லாம் அதன் காதில் விழுகிறது. போர் முடிந்த மாவட்டம் இது. காயத்தின் கதையைக் கேட்டுப் பழகிவிட்டோம், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளை அந்தக் கதையைத் தினமும் சொல்லத் தேவையில்லை. பேச வேண்டுமென்றால் பிள்ளையோடு பேசுங்கள்: இன்றைக்கு என்ன பாடம், யார் வென்றது என்று. கொஞ்ச நேரம் பேசுவதானால் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருங்கள், பிள்ளை கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டியிராது. "நடந்து வா", "ஓடி வா" என்று வாய்தவறி வந்துவிட்டாலும் பதற வேண்டாம், அதை யாரும் தப்பாக எடுப்பதில்லை. உங்கள் சின்னப்பிள்ளை "இது என்ன?" என்று கேட்டால் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

அப்புறம், கேட்காமல் தள்ளுவது. போன மாதம் உதவும் எண்ணத்தில் ஒருவர் பின்னால் வந்து சட்டென்று தள்ள, முன்பக்கத்துச் சின்னச் சக்கரம் வடிகானின் இரும்புக் கம்பிகளுக்குள் சிக்கியது. நாற்காலி நின்றுவிட்டது, பிள்ளை முன்னே சரிந்தது. பக்கத்தில் நின்ற மாணவன் தோளைப் பிடித்ததால் ஒன்றும் நடக்கவில்லை. "தள்ளட்டுமா?" என்று முதலில் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் சரி, விட்டுவிடுங்கள். கைப்பிடியில் பாரமான பையைத் தொங்கவிட்டாலும் நாற்காலி பின்பக்கமாகக் கவிழக்கூடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கேற்றடியில் உள்ள சாய்தளத்துக்கு முன்னால் மோட்டார் சைக்கிளோ ஆட்டோவோ நிறுத்தக்கூடாது. "இரண்டு நிமிடம்தானே" என்பதை ஏற்க முடியாது. அந்த இரண்டு நிமிடமும் ஒரு பிள்ளை வெயிலில் வெளியே நிற்கிறது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று கணக்குப் பார்த்துக் கட்டிய பாதை அது. பிள்ளைக்கு வேறு வழி இல்லை. ஊனமுற்றோரின் உரிமைகளுக்கென்று இலங்கையில் 1996 ஆம் ஆண்டிலேயே 28 ஆம் இலக்கச் சட்டம் வந்துவிட்டது. வழிவிடுவதை யாரும் தயவாக நினைக்க வேண்டாம்.

யாரும் கெட்ட மனத்தோடு இதைச் செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். எப்படிப் பழகுவதென்ற தயக்கம்தான், அது பழகப் பழகப் போய்விடும். சாய்தளம் கட்ட வந்து உழைத்த பெற்றோருக்கும், நாற்காலியை மடித்து ஏற்றப் பொறுமையோடு காத்திருக்கும் ஆட்டோக்காரத் தம்பிமாருக்கும் மனமார்ந்த நன்றி.

அடுத்த தவணையில் தரம் எட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கும் டச் பே கடற்கரைக்கும் கூட்டிப்போகிறோம். கோட்டைக்குள்ளால் கோயிலுக்கு ஏறும் வீதியில் திரும்பி இறங்கும்போது நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இறக்க வேண்டும். மணலிலும் முன்சக்கரம் புதையும், பின்பக்கமாக இழுப்பதுதான் சுகம். கூடவர விரும்பும் பெற்றோர் விடுமுறைக்கு முன் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
அதிபர்