அச்சகத்தின் பெயர் இல்லாத நோட்டீஸ்

தண்டையார்பேட்டை,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாணிக்கம்,

இங்கே எல்லோரும் நலம். ஓசூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொண்டதா? மழை விட்டு நான்கு நாளாகியும் நம் தெருமுனையில் தண்ணீர் வடியவில்லை. உன் தங்கை வீட்டு வாசலில் செங்கல் அடுக்கி, அதன்மேல் கால் வைத்துத்தான் போய்வருகிறோம். காசிமேட்டில் மீன் வரத்துக் குறைவு. வஞ்சிரம் விற்கிற விலைக்குப் பக்கத்தில் போக முடியவில்லை.

போனில் பேசலாம்தான். பேச ஆரம்பித்தால் மூட்டுவலி, மாத்திரை விலை என்று போய், சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால் கடிதம்.

நம் பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீ வெளியேறி மூன்று ஆண்டு ஆகப் போகிறது. 2023 மார்ச். பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பறந்த நேரம். ஜோத்பூரில் நடந்த ஒரு கொலையைக்கூடத் தமிழ்நாட்டுக் கணக்கில் எழுதினார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே இங்கு வந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. அதே வாரம் நம் குழுவில் அதற்கு மறுபக்கமாக ஒரு வீடியோ வந்தது: வடநாட்டு இளைஞர்கள் நம் ஆள் ஒருவரை அடிப்பதாக. நீ இரண்டே கேள்வி கேட்டாய். ‘யார் எடுத்தது? எந்த ஊர்?’ பதிலுக்குச் சிரிப்புப் பொம்மைகள் வரிசைகட்டின. ‘அவர்களுக்கு ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?’ என்றான் ஒருவன். இரவு பத்து மணிக்கு ‘மாணிக்கம் வெளியேறினார்’ என்ற வரி வந்தது. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த நான் வாய் திறக்கவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

வாய் திறக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

2018 மே மாதம் பிள்ளை பிடிக்கும் கூட்டம் இறங்கியிருக்கிறது என்று தமிழ்நாடு முழுவதும் பேச்சு. பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். போளூர்ப் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னை மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த பாவத்துக்கு அடித்தே கொல்லப்பட்டார். நீ அப்போது ஓசூருக்குப் போய்விட்டாய். நம் தெருவுக்கு மணி ஆட்டிக்கொண்டு பஞ்சுமிட்டாய்க்காரப் பையன் ஒருவன் வருவான், நினைவிருக்கிறதா? ஒரு மாலை அவனை இருபது முப்பது பேர் வளைத்துக்கொண்டார்கள். தமிழ் அரைகுறை, கேள்வி புரியாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அதையே ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார்கள். முதல் அடி விழுந்தபோது உன் தங்கை வெளியே வந்தாள். மீன் அரிந்துகொண்டிருந்த கை, முழங்கைவரை செதில். அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தன் வீட்டுக்குள் தள்ளிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். ‘மூன்று வருஷமாக என் பேரன் இவனிடம் மிட்டாய் வாங்குகிறான். அடிக்கிறவன் என்னை அடித்துவிட்டு உள்ளே போ’ என்றாள். ஒருவரும் நகரவில்லை, ஒருவரும் முன்னே வரவும் இல்லை.

கூட்டத்தின் முன்னால் நின்ற ஒருவன் போனை உயர்த்தி ஓர் ஆடியோவை ஓடவிட்டான். ஒரு பெண் அழுதுகொண்டே பேசுகிறாள், எங்கள் பகுதியில் இரண்டு குழந்தையைத் தூக்கிவிட்டார்கள் என்று. எனக்குக் கை கால் நடுங்கியது. அன்று காலை அதே ஆடியோவை நான் நான்கு குழுக்களுக்கு அனுப்பியிருந்தேன். கேட்டவுடன் பேத்தி முகம் கண்முன் வந்தது, அனுப்பிவிட்டேன். எந்தப் பகுதி என்று அந்தப் பெண் சொல்லவே இல்லை என்பது, தெருவில் நின்று இரண்டாம் முறை கேட்டபோதுதான் உறைத்தது. கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பையன் வெளியே வந்தான். மிதிபட்ட பொட்டலங்களிலிருந்து ரோஜா நிறச் சர்க்கரை சாக்கடை நீரில் கரைந்துகொண்டிருந்தது. அவன் குனிந்து மணியை மட்டும் எடுத்துக்கொண்டு போனான். அதன் பிறகு நம் தெருவுக்கு வரவில்லை.

முப்பத்தொரு வருஷம் மண்ணடி அச்சகத்தில் புரூஃப் திருத்தியவன் நான். காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம், எந்த நோட்டீஸானாலும் கீழே பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் என் வேலைதான். அன்றிருந்த 1867ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி. ஒரு நாள் இரவு ஒருவர் வந்து, பெயர் போடாமல் இரண்டாயிரம் நோட்டீஸ் அடித்துத் தரச் சொன்னார். ஒரு குடும்பத்துப் பெண்ணைப் பற்றிய அசிங்கம். முதலாளி பணத்தைத் தொடாமலே திருப்பி அனுப்பினார். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த நான், ஊர் பேர் தெரியாத ஒரு குரலை நான்கு இடத்தில் அச்சடித்துக் கொடுத்ததற்குச் சமமான காரியத்தைச் செய்திருக்கிறேன். அந்த வெட்கம்தான் குழுவில் உனக்காகப் பேசவிடாமல் என் வாயைக் கட்டியது. படிப்பகத்தில் பேப்பர் படித்த காலத்தை நினைத்துப்பார். யாராவது ஒரு செய்தியை உரக்கப் படித்தால், ‘எந்தப் பேப்பர், எத்தனையாம் பக்கம்?’ என்று கேரம் ஆடுகிறவன்கூடத் தலை தூக்காமல் கேட்பான். அந்தக் கேள்விதான் இப்போது அவமரியாதை ஆகிவிட்டது.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், வந்த செய்தியை இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ ஐந்து குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் இறுக்கியது. நல்லதுதான், ஆனால் உயிர்கள் போன பிறகு. பிள்ளை பிடிக்கும் பேச்சு பரவிய அந்த 2018இல் நாடெங்கும் சுற்றிய ஒரு வீடியோவில் பைக்கில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிப் போவார்கள். அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுத்த விளம்பரப் படம். கடைசியில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கைப் பலகையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் எவனோ நறுக்கி எறிந்திருக்கிறான். புரூஃப் பார்த்தவனுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறு உண்டா?

வாட்ஸ்அப்பில் பரப்புவது நம் கை. பேஸ்புக்கில் எதை முன்னால் நிறுத்துவது என்று கணக்குப் போடுவது அந்த நிறுவனம். 2017இல் அவர்கள் ஒரு லைக்குக்கு ஒரு மதிப்பு, கோபப் பொம்மை உட்பட மற்ற பொம்மைகளுக்கு அதைப்போல ஐந்து மடங்கு மதிப்பு என்று வைத்தார்கள். கோபமூட்டும் பதிவு தானாக மேலே வந்தது. அப்படிப்பட்ட பதிவுகளில் பொய் மிகுந்திருப்பதை அவர்களுடைய ஆய்வாளர்களே கண்டு சொன்ன பிறகும், கோபத்தின் மதிப்பு பூஜ்யமாக 2020 செப்டம்பர் ஆயிற்று. உள்ளே வேலை பார்த்த பிரான்சஸ் ஹாகன் என்ற பெண் 2021இல் ஆவணங்களை வெளியே கொண்டுவராவிட்டால் இதெல்லாம் நமக்குத் தெரிந்திருக்காது. நம் குழுவில் சண்டை மூட்டிய வீடியோக்களில் பாதி அங்கிருந்து இறங்கியவைதான். நாம் ஒருவரையொருவர் வெறுக்கப் பிறந்தவர்கள் இல்லை, மாணிக்கம். வெறுப்பை எடுத்து முன்வரிசையில் வைத்தால் கண் அங்கேதான் போகும்.

அப்படியானால் ஒவ்வொரு செய்தியையும் முதலில் அனுப்பியவர் யார் என்று அரசாங்கம் கண்டுபிடிக்கட்டும் என்கிறாயா? 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் அதைத்தான் கேட்டார்கள்; வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. எனக்கு இதில் மனம் ஒப்பவில்லை. 1867 சட்டமும் வெள்ளைக்காரன் நம்மைக் காப்பாற்றக் கொண்டுவந்தது அல்ல; யார் என்ன அச்சடிக்கிறார்கள் என்று தன் பார்வையில் வைத்துக்கொள்ளக் கொண்டுவந்தது. நீ எனக்கு எழுதுவதை ஒரு மூன்றாம் ஆள் பிரித்துப் பார்க்கலாம் என்றால், நாளைக்கு ஆலைப் புகையைப் பற்றி எண்ணூர்ப் பெண் ஒருத்தி எழுதுவாளா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது நம்மைப் போன்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

அந்த உரிமை நம் தெருவில் பட்ட பாட்டைக் கேள். 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தில் நிவாரணம் தர ஒரு குழுவினர் வந்தார்கள். நல்ல மனிதர்கள். பெயர், வீட்டு எண், ஆதார், போன் நம்பர் எல்லாம் நோட்டில் எழுதி வாங்கினார்கள். யாரையும் விட்டுவிடக் கூடாதே என்று அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து ஒரு பெரிய குழுவில் போட்டார்கள். அரிசி வந்து சேர்ந்தது. அதன் பின்னால் போன்களும் வந்தன. உன் தங்கை மகளுக்கு இரவு பதினொரு மணிக்கு முகம் தெரியாதவன் அழைத்து, அவள் பெயரையும் வீட்டு எண்ணையும் சொல்லிப் பேசுகிறான். இருபது வருஷமாக வைத்திருந்த நம்பரை அவள் மாற்றினாள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதே ஆண்டு ஆகஸ்டில்தான் வந்தது. விதிகள் வர 2025 நவம்பர் ஆயிற்று. ஓர் ஏழைக்கு உதவும்போது அவனுடைய நம்பரை மறைத்துவைக்கச் சட்டம் எதற்கு?

இவ்வளவு சொல்லியும் என் போனைத் தூக்கி எறிய மாட்டேன். அதே புயலில் மணலிப் பக்கத்து ஆலை எண்ணெய், வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியதே, அதை ஊர் உலகம் பார்த்தது மீனவப் பிள்ளைகள் எடுத்த வீடியோவால். கறுத்துப்போன படகு, எண்ணெய் பூசிய கூழைக்கடா, வெறுங்கையால் வாளியில் எண்ணெயை அள்ளுகிற ஆள்கள். அந்தப் படங்களில் ஊர் இருந்தது, முகம் இருந்தது, ‘நான்தான் எடுத்தேன், வந்து பார்’ என்று சொல்ல ஆள் இருந்தான்.

போன வாரம் நான் ஒன்று செய்தேன். திருவொற்றியூரில் பள்ளி வாசலில் ஊசி போட்டுப் பிள்ளைகளைக் கடத்துகிறார்கள் என்று குழுவில் ஒரு செய்தி. போட்டவனை அழைத்து, ‘உனக்கு யார் அனுப்பியது?’ என்றேன். மைத்துனர் என்றான். மைத்துனரைப் பிடித்தேன், அவருக்குக் கொருக்குப்பேட்டை மளிகைக் கடைக்காரர். அவருக்கு ஓர் ஆட்டோ ஓட்டுநர். ஆட்டோ ஓட்டுநருக்கு ஒரு டீச்சர். அந்த அம்மா, ‘குழுவில் வந்தது சார், யாருடைய நம்பர் என்று தெரியவில்லை’ என்றார். ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது. ஐந்து பேரில் ஒருவர்கூடத் திருவொற்றியூர்க்காரர் இல்லை. அந்த ஐந்து பெயரையும் வரிசையாக எழுதிக் குழுவில் போடலாமா என்று யோசித்து, அவர்களைத் தலைகுனியவைக்க வேண்டாம் என்று, ‘ஐந்து பேரைக் கேட்டேன், பார்த்தவர் யாரும் இல்லை’ என்று மட்டும் எழுதினேன். சிரிப்புப் பொம்மை இரண்டு வந்தன. அன்று உன்னைக் கேள்வி கேட்டவன் மட்டும் தனியாக அழைத்து, ‘மாணிக்கம் எப்படி இருக்கிறான்?’ என்று விசாரித்தான். உன் நம்பரைக் கேட்டான். உன்னைக் கேட்காமல் தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். தரலாமா?

பொங்கலுக்கு வருவாய் என்று உன் தங்கை நெத்திலிக் கருவாடு காயவைத்துக் கட்டி வைத்திருக்கிறாள். எந்த ரயில் என்று எழுது, ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்