அடித்துத் திருத்திய தாளும் ஃபைலில் இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

2012-13இல் தமிழகப் பள்ளிகளில் ஆண்டை மூன்றாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது, பருவம் முழுக்க வகுப்பில் செய்யும் வேலைகளைப் பார்க்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் எழுதும் தொகுத்தறித் தேர்வுக்கு 60 என மதிப்பெண்ணைப் பிரித்தார்கள். அந்த 40க்காக மாணவர்கள் தாங்கள் எழுதியதைத் தொகுத்து வைக்கும் ஆங்கிலப் பாட ஃபைல்களில் ஜிகினாவும் ஸ்கெட்ச் பேனாவும்தான் கண்ணில் படுகின்றன. உள்ளே வகுப்பு முழுவதற்கும் ஒரே கடிதம், கைடில் பார்த்து எழுதியது. (முத்து முத்தான கையெழுத்து பல சமயம் அம்மாவுடையது!)

என் மாணவி ஒருத்தி ஜூனில் ‘ஐ ஆம் கோ டு டெம்பிள்’ என்று எழுதினாள். டிசம்பரில் அதே திருவிழாவைப் பற்றி ‘வி வென்ட்’, ‘வி சா’ என அரைப் பக்கம். இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததும் பழைய பிழையை அவளே காட்டினாள். எனக்குச் சிவப்பு மை மிச்சம். மதிப்பெண் பட்டியலில் இது தெரியவே தெரியாது.

அதனால் அடித்துத் திருத்திய முதல் தாளையும் ஃபைலில் வைக்கச் சொல்லலாம். எதை வைப்பது என்று மாணவரே முடிவு செய்யட்டும். ஏன் என்று ஒரு வரி, தமிழில் எழுதினாலும் சரி. தினம் நாலைந்து ஃபைல் பார்த்தால் ஆசிரியருக்கும் சுமை இல்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் அட்டையைத் தாண்டி உள்ளேயும் புரட்ட வேண்டும்.

– ஆங்கில ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்