டிரைப் தீட்டிய வானம்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்திருக்கிறது. உன்னைத்தான் அடிக்கடி கேட்கிறார்கள். பேத்திக்குக் காது குத்தியாகிவிட்டதா?

அந்தக் காலத்தில் சென்னை மாகாண அரசுக்குப் படம் எடுத்த ஆங்கிலேயப் படை அதிகாரி லின்னேயஸ் டிரைப் 1858-இல் எடுத்த யானைமலைப் படத்தைப் பெரிய அளவில் பார்த்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. நம் ஒத்தக்கடை மலைதானடா! காகிதத்தில் மெழுகேற்றி, அயோடைடு கரைசலில் ஊறவைத்து உலர்த்தி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து எடுத்த நெகட்டிவ். ஒளியை அளக்கக் கருவி கிடையாது; வெயிலைக் கண்ணால் எடைபோட்டு, நிமிடக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். அப்புறம் உருவம் தெரியவர காலிக் அமிலத்தில் மணிக்கணக்காகக் கிடக்கும். எளிதில் உருப்பெருக்க வழி இல்லாததால் எந்த அளவில் பிரிண்ட் வேண்டுமோ அந்த அளவில் கேமரா. அதை மாட்டு வண்டிக் காலத்தில் மதுரை வரை கொண்டுவந்திருக்கிறார்.

இனி நீ சண்டைக்கு வருவாய். டிரைப் தன் நெகட்டிவ்கள் பலவற்றில் மேகத்தைக் கையால் தீட்டியவர். தங்கராசு அண்ணன் நெகட்டிவில் மணப்பெண்ணின் கன்னத்தைப் பென்சிலால் திருத்தியதற்கே ஸ்டூடியோவைவிட்டு வெளியேறிய ஆள் நீ! ஆனால் யோசித்துப் பார். அந்தக் காகிதம் நீலத்தை மட்டுமே நன்றாக உணரும். வானம் மொத்தமும் வெளுத்துப்போகும், மரங்கள் கறுத்துக் கிடக்கும். எதிரில் நின்றவர் மேகத்தைப் பார்த்தார், காகிதம் பார்க்கவில்லை. நெகட்டிவில் வண்ணம் பட்ட இடம் பிரிண்டில் வெளுப்பாக வரும் என்பதால் எல்லாவற்றையும் தலைகீழாகவே மனத்தில் கண்டு தீட்ட வேண்டும். அதைப் பொய் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

அதே ஆள்தான் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்ட்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். ஒவ்வொரு முறையும் கேமராவை நகர்த்தி, உயரமும் தூரமும் பிசகாமல் நிறுத்த வேண்டும். பிசகினால் எழுத்து வரிசை முறிந்துவிடும். இந்தப் பொறுமையும் அந்த மேகமும் ஒரே கையிலிருந்து வந்தவை, சேகர்.

1859-இல் சென்னை மாகாண ஆளுநர் டிரெவிலியன், இந்தப் படமெடுப்பு அரசுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று சொல்லி வேலையை நிறுத்தச் சொன்னார். அதன்பின் டிரைப் மிகச் சில படங்களே எடுத்தார். எனக்கு ஆறவே இல்லை.

இடம் அடைக்கிறது என்று, படத்தைப் பெரிதாக்கும் உன் பழைய என்லார்ஜரை எடைக்குப் போடப் போகிறாயாமே, உன் மகன் சொன்னான். போடாதே. பொங்கல் கழிந்ததும் வண்டியோடு வந்து நானே எடுத்துக்கொள்கிறேன். மேகம் பற்றி உன் மறுப்பை அதற்குள் எழுது. ஒற்றை வரியில் முடிக்காதே.

உன்
முருகேசன்