படத்துக்கு ஒரு திரை, கட்டளைக்கு ஒரு திரை

ஆசிரியருக்கு,

பழைய கணினி முனையங்கள் (கணினியுடன் இணைக்கும் திரையும் விசைப்பலகையும் கொண்ட டெர்மினல்கள்) பற்றிய தங்கள் கட்டுரையில், ஒரு வரைகலை மென்பொருளுக்கு இரண்டு டெர்மினல் வைத்தது வீண் செலவு என்று இருந்தது. இதை ஏற்க முடியாது. படம் வரையும் டெர்மினலான டெக்ட்ரானிக்ஸ் 4014-இன் திரை சேமிப்புக் குழாய் வகை. வரைந்த கோடு அப்படியே நிற்கும். ஒரு கோட்டை மட்டும் அழிக்க முடியாது, முழுத் திரையையும் துடைக்க வேண்டும். கட்டளையையும் பிழைச் செய்தியையும் அங்கேயே காட்டினால் படம் பாழ். அதற்காகத்தான் பக்கத்தில் விடி100 போன்ற எழுத்து டெர்மினல் வைத்தார்கள்.

இவற்றை இன்று லினக்ஸில் இணைப்பவர்கள், படம் சிதைந்தால் உடனே குழாய் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு கணினியின் சீரியல் போர்ட் (டெர்மினலின் கம்பி செருகும் இணைப்பு) அமைப்பில்தான் இருக்கும். முதலில், வரைகலை டெர்மினல் இருக்கும் போர்ட்டில் லாகின் கேட்கும் நிரலை நிறுத்துங்கள்; இல்லையெனில் அங்கிருந்து வரும் தகவலை அது விழுங்கிவிடும். வேகமும் பாரிட்டியும் (பிழை கண்டறியச் சேர்க்கும் பிட்) இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும். திரையைத் துடைக்க ஏறத்தாழ 1 விநாடி ஆகும். அதற்குள் அனுப்பும் எழுத்துகள் தொலைந்துபோகும், ஆகவே நிரலில் அந்த இடைவெளி அவசியம்.

கோடுகள் திடீரென்று தாவினால் 127 என்ற குறியீட்டைச் சந்தேகியுங்கள். புள்ளியின் உயரத்தைக் குறிக்கும் ஒய் ஆயத்தின் (ஆயத்தொலைவின்) கீழ்ப்பகுதி 96 முதல் 127 வரையுள்ள பைட்டாகப் போகிறது. 127 என்பது அழிப்புக் குறி என்பதால் வழியில் எங்காவது கைவிடப்படலாம். அதற்குப் பதிலாக எஸ்கேப், கேள்விக்குறி இரண்டையும் அனுப்பினால் 4014 ஏற்றுக்கொள்ளும்.

அதிகம் தொல்லை தருவது, திரையில் ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுக்க உதவும் குறுக்குக்கோடு. பயனர் ஒரு விசையைத் தட்டியதும் அந்த எழுத்தும் 4 ஆய பைட்டுகளும் திரும்பும். எக்கோ (வந்த எழுத்தைக் கணினி திருப்பி அனுப்புவது) அணைக்கப்படாவிட்டால் அவையே படத்தின் மேல் எழுத்துகளாக விழும். வரிமுறையில், அதாவது ஒரு வரி முழுதாக வந்த பின்பே, படிக்கும் நிரலோ, வரிமுடிவு வராததால் காத்துக்கொண்டே நிற்கும். டெர்மினலின் உள்ளமைப்பில் இறுதிக் குறியாக 4 என்ற குறியீட்டையும் தேர்ந்திருந்தால், லினக்ஸ் போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளம் அதை உள்ளீடு முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். எக்கோவையும் வரிமுறையையும் அணைத்து, பைட் எண்ணிக்கையைக் கொண்டு படிப்பதே சரி.

கருவி கையில் இல்லாதவர்கள், டெர்மினலைப் போல நடிக்கும் எக்ஸ்டெர்ம் என்ற மென்பொருளில் பழகலாம். கண்ட்ரோல் விசையுடன் மவுஸின் நடுப்பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் டெக்ட்ரானிக்ஸ் சாளரம் உண்டு. எழுத்துச் சாளரம் பக்கத்திலேயே திறந்திருக்கும்.

இப்படிக்கு,
கணினி ஆய்வகப் பராமரிப்பாளர்கள்