85 வேண்டாம் பாப்பா, 50 போதும்

அன்புள்ள பாப்பா,

85 எம்.எம். லென்ஸ் வாங்கப் போகிறேன் என்று நீ அனுப்பிய லிங்க் எல்லாவற்றையும் பார்த்தேன். அப்பா "ஆசைப்படுகிறாள், வாங்கட்டுமே" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார், அவருக்கென்ன, இ.எம்.ஐ. கட்டப் போவது நீ. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆளைப் படம் எடுக்க 85 எம்.எம். லென்ஸ்தான் (இந்த எண் கூடக் கூட ஆள் கிட்டே தெரியும்) என்று யூடியூபில் சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஃபுல் ஃப்ரேம் கேமரா, அதில் படம் விழும் சென்சார் பெரியது. உன் கேனான் 200டி மார்க் 2-வில் சென்சார் சின்னது, அதில் எந்த லென்ஸைப் போட்டாலும் 1.6-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும். 50 போட்டால் அவர்கள் 80 போட்ட மாதிரி, நீ 85 போட்டால் அவர்கள் 136 போட்ட மாதிரி. அதாவது அவர்கள் காட்டும் படம் மாதிரி வேண்டுமென்றால் நீ வாங்க வேண்டியதே 50-தான்.

இப்போது உன் ரூமை நினைத்துப் பார். கட்டிலையும் பீரோவையும் தள்ளினால் 10 அடி தேறுமா? இடுப்பு வரை ஒருவரைச் செங்குத்தாக எடுக்க 50-க்கு 6, 7 அடி போதும், 85-க்கு 11 அடி வேண்டும். தலை முதல் கால் வரை என்றால் 50-க்கே 14 அடி, 85-க்கு 23 அடி, நீ வாசலைத் தாண்டி மாடிப்படியில் நின்றுகொண்டு கத்திக் கத்தி போஸ் சொல்ல வேண்டியதுதான். 85 கெட்ட லென்ஸ் என்று சொல்லவில்லை. கேனானின் 85 எம்.எம். 1.8 1992-லிருந்து இருக்கிறது, நல்ல சரக்கு, எங்களுக்கு மண்டபங்களில் கல்யாணம் எடுக்கும்போது அது நிறைய உதவியிருக்கிறது. கனம் 425 கிராம், விலை 50-ஐப் போல மூன்று நான்கு மடங்கு, அவ்வளவு இடமும் உன்னிடம் இல்லை.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நீ போன மாதம் உன் ஃப்ரெண்டை எடுத்து அனுப்பினாயே, அந்தப் பெண்ணுக்கு மூக்கு அவ்வளவு பெரிதா? இல்லை. நீ கேமராவோடு வந்த கிட் லென்ஸை 18-ல் வைத்துக்கொண்டு முகத்துக்கு ஒன்றரை அடியில் போய் நின்றிருக்கிறாய். மூக்கு நுனி காதைவிட நாலு, நாலரை அங்குலம் முன்னால் இருக்கிறது. ஒன்றரை அடியில் நின்றால் அந்த நாலரை அங்குலம் தூரத்தில் கால்வாசி, அதனால் மூக்கு உப்பிக்கொண்டு காது பின்னால் ஓடிவிடும். ஐந்தரை அடி தள்ளி நின்றால் அதே நாலரை அங்குலம் ஒன்றுமே இல்லை, முகம் முகமாக இருக்கும். இது லென்ஸ் செய்கிற வேலை இல்லை, நீ நிற்கிற இடம் செய்கிற வேலை. அந்த இடத்தில் நின்றபடி ஃப்ரேமை முகத்தால் நிரப்பத்தான் லென்ஸ்.

நம் ஸ்டூடியோவில் யாஷிகா மேட் என்ற ஃபிலிம் கேமரா இருந்ததே, நீ மேலே உள்ள மூடியைத் திறந்து திறந்து விளையாடுவாயே, அதில் 80 எம்.எம். லென்ஸ், மூன்றடியைவிடக் கிட்டே போனால் ஃபோகஸே ஆகாது. ரோலுக்கு 12 படம்தான், அதனால் அப்பா ஆளை உட்கார வைத்து, தள்ளி நின்று, யோசித்துத்தான் அமுக்குவார், முகம் பெரிதாக வேண்டுமென்றால் இருட்டறையில் பெரிதாக்கிக்கொள்வார். ஜாதகத்தோடு அனுப்பும் பெண் போட்டோக்கள் எத்தனை அப்படிப் போயிருக்கின்றன. நான் நெகட்டிவில் பென்சில் வைத்துப் பருவையும் கண்ணுக்குக் கீழே கருப்பையும் மட்டும் டச்சிங் செய்வேன், எவளுக்கும் மூக்கைச் சரிசெய்யும் வேலை வந்ததில்லை.

அடுத்தது அந்த 1.8. லென்ஸ் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்கிற எண் அது, எண் சின்னதானால் திறப்பு பெரிது. உன் கிட் லென்ஸ் 50 பக்கம் போனால் 5.6-க்கு மேல் திறக்காது. 1.8 அதைப் போல ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் வாங்கும். ராத்திரி ரூம் லைட்டில் கிட் லென்ஸ் ஐ.எஸ்.ஓ. (வெளிச்சம் போதாதபோது கேமராவில் ஏற்றுகிற எண்) 3200 கேட்கிற இடத்தில் இதற்கு 320, 400 போதும், தோலில் மணல் தூவின மாதிரி நாய்ஸ் வராது. (1840-லேயே வியன்னாவில் பெட்ஸ்வால் என்ற கணக்குப் பேராசிரியர் முகம் எடுப்பதற்கென்றே ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டுக் கொடுத்தார், அதுவே 3.6 திறந்தது. உன் கிட் லென்ஸ் இந்த விஷயத்தில் அவருக்கும் பின்னால் நிற்கிறது.) ஒன்று மட்டும் கவனி, கிட் லென்ஸில் கை நடுக்கத்தைத் தாங்கும் ஐ.எஸ். உண்டு, இந்த 50-ல் கிடையாது. ஷட்டர் வேகத்தை 1/125 விநாடிக்குக் கீழே விடாதே.

1.8 கிடைத்துவிட்டது என்று எப்போதும் 1.8-லேயே எடுக்கவும் கூடாது. மூன்றடி தூரத்தில் 1.8 வைத்தால் ஷார்ப்பாக இருப்பது மொத்தமே ஓர் அங்குலம், ஆள் லேசாகத் தலையைத் திருப்பியிருந்தால் ஒரு கண் தெளிவாக இருக்கும், இன்னொரு கண் கரைந்திருக்கும். ஐந்தடி தள்ளி, 2.8-ல் வை, பின்னால் சுவர் தூரமாக இருந்தால் அதுவே நன்றாகக் கரையும். ஆளைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்துவிட்டு "ப்ளர் வரவில்லை" என்று லென்ஸைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபோகஸ் கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில். வ்யூஃபைண்டரில் பார்த்தால் ஒன்பது புள்ளிகளையும் கேமரா இஷ்டத்துக்கு விடாமல் ஒரு புள்ளியை நீயே தேர்ந்தெடு, ஸ்க்ரீனில் பார்த்து எடுத்தால் கண்ணைத் தானே பிடிக்கும் வசதி உன் கேமராவில் இருக்கிறது, மெனுவில் ஆன் செய். உச்சி வெயிலில் 1.8 வைத்தால் உன் கேமராவின் அதிகபட்ச ஷட்டர் வேகமான 1/4000-ம் போதாது, படம் வெளுத்துவிடும். நிழலுக்கு வா, அங்கே முகமும் நன்றாக இருக்கும்.

சரி, எதை வாங்குவது. கேனான் இ.எஃப். 50 எம்.எம். 1.8 எஸ்.டி.எம். இந்தப் பெயரை அப்படியே கடையில் சொல். 2015-ல் வந்தது, 160 கிராம்தான், கேமராவில் மாட்டும் பின்பக்கம் உலோகம். இதற்கு முந்தினதில் 'II' என்று போட்டிருக்கும், 1990 மாடல், பின்பக்கம் பிளாஸ்டிக், ஃபோகஸ் செய்யும்போது கரகரவென்று சத்தம், பின்னால் சீரியல் பல்பு இருந்தால் 2.8-ல் அதன் கரைந்த வெளிச்சம் ஐந்து மூலையாக விழும், பாதி விலைக்குக் கொடுத்தாலும் எனக்கு மனசில்லை. ஆர்.எஃப். 50 என்று ஒன்றும் இருக்கிறது, அது மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா), உன் கேமராவில் மாட்டவே மாட்டாது. கடைக்காரன் "எல்லாம் ஒன்றுதான் மேடம்" என்றால் பெட்டியில் இ.எஃப். என்று இருக்கிறதா பார். நாளைக்கு நீ மிரர்லெஸ் வாங்கினாலும் இந்த இ.எஃப். லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டிக்கொள்ளலாம், அதனால் பணம் வீண் போகாது.

புதிது ஏறக்குறைய 10,000 ரூபாய் வரும். செகண்ட் ஹேண்ட் வாங்கலாம், டெல்லியில்தானே இருக்கிறாய், சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி மார்க்கெட் முழுக்க கேமராக் கடைதான். ஞாயிற்றுக்கிழமை போய்விடாதே, மூடியிருக்கும். உன் கேமராவையும் எடுத்துக்கொண்டு போ. லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பார். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. நூலாம்படை மாதிரி வெள்ளையாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை, எவ்வளவு குறைத்தாலும் வைத்துவிட்டு வா. காதருகே வைத்து லேசாக ஆட்டி, உள்ளே ஏதாவது கழன்று ஆடும் சத்தம் கேட்கிறதா பார். கேமராவில் மாட்டி கிட்டே ஒன்று, தூரமாக ஒன்று, 1.8-ல் ஒன்று, 8-ல் ஒன்று எடுத்து, பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் பணத்தை எடு. கிட்டே ஃபோகஸ் செய்யும்போது லென்ஸின் மூக்கு கொஞ்சம் வெளியே வரும், அதைக் கையால் அழுத்தித் தள்ளிக் கெடுத்ததை விற்பவர்கள் உண்டு. புதிது வாங்கினால் ஜி.எஸ்.டி. பில்லும் வாரண்டி கார்டும் இல்லாமல் வராதே. 500 ரூபாய் குறைக்கிறேன், பில் வேண்டாம் என்பார்கள். எனக்கு ஒரு கடையில் அப்படித்தான் ஒரு ஃப்ளாஷைக் கட்டினார்கள், மாதம் தாண்டவில்லை, யாரிடம் போய்க் கேட்பது.

வாங்குவதற்கு முன்னால், இந்த வாரமே, கிட் லென்ஸை 50-ல் வைத்து ஜூம் வளையத்தில் ஒரு துண்டு செலோ டேப் ஒட்டிவிட்டு எடு. நடந்து முன்னே பின்னே போகப் பழகினால் வாங்கு. எரிச்சல் வந்தால் சொல், வேறு யோசிக்கலாம்.

மிச்சப் பணத்தில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் ஷீட் வாங்கி ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து வை. கீழ்வீட்டு ஆன்ட்டியை எடுக்கப் போவதாகச் சொன்னாயே, கண்ணாடியைக் கழற்றச் சொல்லாதே, அவர்களை அவர்களுக்கே அடையாளம் தெரியாது. தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லு, கண்ணாடியில் அடிக்கும் ஜன்னல் வெளிச்சம் போய்விடும்.

அம்மா