கியூஇமு: 'நோ' என்ற வரியைக் காட்டித் தந்தவர்களுக்கு

அண்ணாவுக்கும் அக்காவுக்கும், அந்த வாரம் முழுக்க என் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொன்ன மற்றவர்களுக்கும்,

நேற்று காலை எங்கள் சர்வரில் ஆறு மெய்நிகர் கணினிகளும் (ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கியவை) ஓடத் தொடங்கின. அவற்றை நிர்வகிக்கும் வர்ட்-மேனேஜர் திரையில் அதைப் பார்த்த கையோடு இதை எழுதுகிறேன்.

லினக்ஸோடு வந்த லிப்வர்ட் (மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்க உதவும் மென்பொருள்) எங்கள் தேவைக்குப் பழையது. சரி, மூல நிரலிலிருந்தே நிறுவலாம் என்று இறங்கினேன். கம்பைல் செய்யும் முன் தேவையானவற்றைச் சரிபார்க்கும் மீசான் பிழை எதுவும் காட்டவில்லை, கம்பைல் செய்யும் நிஞ்சாவும் ஓடி முடித்தது. ஆனால் வர்ட்-மேனேஜரைத் திறந்தால், மெய்நிகர் கணினிகளை உண்மையில் ஓட்டும் கியூஇமுவுடன் லிப்வர்ட்டை இணைக்க டிரைவரே இல்லை என்றது. இரண்டு நாள் அனுமதிகளையும் பயனர் குழுக்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகித்தான் இருந்தது, அதைப் பயன்படுத்தும் லினக்ஸ் கெர்னல் பகுதியான கேவிஎம்மும் ஏறியிருந்தது.

அண்ணா, நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "மீசான் கடைசியில் ஒரு பட்டியல் போடுமே, படித்தாயா?" படிக்கவில்லை. மேலே உருட்டிப் பார்த்தால், டிரைவர்கள் என்ற தலைப்பின் கீழே, கியூஇமு: நோ. அந்த டிரைவருக்குத் தேவையான ஜேசன் நூலகத்தின் டெவலப்மென்ட் பேக்கேஜ் (கம்பைல் செய்யும்போது வேண்டிய கோப்புகள்) என் கணினியில் இல்லை. அதனால் அந்த டிரைவரை மட்டும் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மற்றதெல்லாம் கம்பைல் ஆகியிருக்கிறது. டிரைவரை 'எனேபிள்டு' என்று நாமே கேட்டுவிட்டால், எது குறைகிறதோ அதைச் சொல்லி அங்கேயே நின்றுவிடும் என்று புரிய வைத்தீர்கள். நள்ளிரவு தாண்டியும் போனில் என்னை வரி வரியாகப் படிக்க வைத்த அந்தப் பொறுமையை மறக்க மாட்டேன்.

அக்கா, மீசானில் 'சிஸ்டம்' என்ற விருப்பத்தை 'ட்ரூ' என்று கொடுக்கச் சொன்னது நீங்கள். கொடுக்காமல் விட்டதால் புதிய லிப்வர்ட் யூஎஸ்ஆர்-லோக்கல் என்ற தனிக் கோப்புறைக்குள் போய் உட்கார்ந்திருந்தது, பழையதும் அதன் இடத்திலேயே இருந்தது. எந்த டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) எந்த சாக்கெட்டில் (நிரல்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு முனை) காத்திருக்கிறது என்றே தெரியாத குழப்பம். அதைவிடப் பெரிய உதவி, எதையும் தொடும் முன்பே ஆறு கணினிகளின் எக்ஸ்எம்எல் விவரங்களையும் (ஒவ்வொன்றின் வரையறை உள்ள கோப்பு) வட்டு இமேஜ்களையும் நகலெடுக்க வைத்தது. அவசரத்தில் ஒரு கணினியின் வரையறையை நான் அழித்துவிட்டேன். அந்த நகல் இருந்ததால் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தது.

மெய்நிகர் கணினிகளுக்கு முகவரி வழங்கும் டிஎன்எஸ்மாஸ்க் இல்லாததால்தான் உள் நெட்வொர்க் எழவில்லை என்று ஒரே வரியில் சொன்ன தம்பிக்கும் நன்றி. 192.168.122 என்று தொடங்கும் முகவரி வந்ததும் முதலில் உனக்குத்தான் செய்தி அனுப்பினேன்.

2005 முதல் லிப்வர்ட்டை எழுதியும் திருத்தியும் வருபவர்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. அவர்கள் எழுதிய ஆவணத்தின் கம்பைல் பக்கத்தை அந்த வாரம் எத்தனை முறை திறந்தேனோ! அவர்களுக்கும் என் வணக்கம்.